கிணற்றுக்காரரும் ஆயக்கட்டுக்காரர்தான்

தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உண்டு என்பது நம் துறையினர் தூக்கத்திலும் சொல்லக்கூடிய கணக்கு. கரையின் நீளம், கொள்ளளவு, ஆயக்கட்டுப் பரப்பு, மதகுகளின் எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் இருக்கும். ஆயக்கட்டுக்குள் எத்தனை கிணறுகள் ஓடுகின்றன, மடை திறந்து முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இருக்கிறாரா, அவருக்குக் கூலி யார் தருகிறார்கள் என்ற கேள்விகளுக்கு நாம் எழுதும் திட்ட அறிக்கைகளில் இடம் அரிது. ஏரிப் பாசனம் பிழைப்பதும் பிழைக்காததும் இந்தக் கேள்விகளைப் பொறுத்தே இருக்கிறது என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

பணம் வராமல் இல்லை. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரிகளைச் செம்மைப்படுத்தும் திட்டம் தொடங்கியது. 2007இல் உலக வங்கிக் கடனில் இன்னொரு பெரிய திட்டம். 2017இல் பயன்பெறும் விவசாயிகளின் பங்களிப்பும் வேண்டும் என்ற விதியோடு குடிமராமத்து மீண்டும் வந்தது. கரைகள் உயர்ந்தன, மதகுகளுக்குப் புதுக் கதவுகள் பொருத்தப்பட்டன, வரத்துக் கால்வாய்கள் சில இடங்களில் வழிவிட்டன. ஆனால் 1960களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த ஏரிப் பாசனப் பரப்பில், இப்போது பல ஆண்டுகளில் பாதியும் தேறுவதில்லை. மழை குறைவு, ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலம், வண்டல் என்று நாம் வழக்கமாக அடுக்கும் காரணங்கள் எல்லாம் மெய்யே. அவை மட்டுமே காரணம் என்றால், செலவழித்த பணத்துக்கு ஏற்பப் பரப்பு மீண்டிருக்க வேண்டும்.

கோளாறு, ஏரியை நாம் எந்த வகைப் பண்டமாக எண்ணுகிறோம் என்பதில் தொடங்குகிறது. 1954இல் பால் சாமுவேல்சன் பொதுப் பண்டத்துக்குத் தந்த இலக்கணம், ஒருவர் நுகர்வதால் இன்னொருவருக்குக் குறையாத பண்டம் என்பது. இத்தகைய பண்டத்தைச் சந்தை போதிய அளவு தராது, அரசு தர வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்பட்ட பாடம். ஏரிக்கு இது பாதி பொருந்தும். வெள்ளத்தைத் தாங்கும் கரை ஊர் முழுவதையும் காக்கிறது. யாரையும் விலக்கிவிட்டுக் காக்க முடியாது. ஆனால் மதகு வழியாக வரும் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. தலைமடையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாய்ந்தால் கடைமடையில் அந்த ஒரு மணி நேரம் இல்லை. அது பொது வளம். யாரையும் விலக்குவது கடினம், ஆனால் எடுக்க எடுக்கக் குறையும். இந்த இரண்டாவது பாதிக்கு அரசு கட்டித்தர முடிந்தது எதுவும் இல்லை. விதியும் அதைக் காக்கும் ஆளும்தான் வேண்டும். நம் திட்டங்களின் பணமோ பெரும்பாலும் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது.

காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய மேய்ச்சல் நிலக் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவரவர் தன் லாபத்துக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிட, நிலம் அழிகிறது. அது கேட்பாரற்ற நிலத்தின் கதை. நம் கண்மாய்கள் கேட்பாரற்றுக் கிடந்தவை அல்ல. அவற்றின் மடைகளில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் ஒருவர் இருந்தார். தண்ணீர் தட்டுப்பாடான நாட்களில் நிலத்துக்காரர் எவரும் தன் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக் கூடாது. நீர்க்கட்டி மட்டுமே பாய்ச்சுவார். எந்த வயல் எத்தனை நாளாகக் காய்கிறது என்பது அவர் நினைவில் இருக்கும். மழை இரவில் கரையைச் சுற்றி வந்து கசிவு பார்ப்பதும், ஆபத்து என்றால் ஊரைக் கூப்பிடுவதும் அவர் வேலை. பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர் என்பதால், எந்த வயல் முதலில் பாய வேண்டும் என்பதில் அவருக்குத் தன் ஆதாயம் கிடையாது. கூலி, அறுவடையின்போது களத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று அளந்து தரும் நெல். விளைந்தால்தான் கூலி என்பதால் கடைமடை காய்ந்தால் அவருக்கும் நட்டம்.

எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில், நெடுங்காலம் நிலைத்த பொது வள அமைப்புகளின் பொது இயல்புகளைத் தொகுத்தபோது கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பொறுப்பானவராக இருப்பதை அவற்றில் ஒன்றாகச் சொன்னார். ஸ்பெயினின் வலென்சியாவிலும் பிலிப்பைன்ஸின் பாசனச் சங்கங்களிலும் அவர் பார்த்தது நம் மடைகளிலும் இருந்தது. ராபர்ட் வேடு 1988இல் அன்றைய ஆந்திரத்தின் கர்னூல் பகுதிக் கிராமங்களைப் பற்றி எழுதியதில் இன்னொரு செய்தி உண்டு. கால்வாயின் கடைசியில், தண்ணீர் வருமா வராதா என்ற நிலையில் இருந்த ஊர்களில்தான் பொது நீர்ப்பாய்ச்சிகளை வைத்துக் கூலி கொடுக்கும் ஏற்பாடு வலுவாக இருந்தது. தேவை நெருக்கும் இடத்தில் மனிதர்கள் கூடுகிறார்கள். அந்த நெருக்கடியிலிருந்து சிலர் மட்டும் விலகிக்கொள்ள வழி கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? நம் கண்மாய்களில் நடந்தது அதுதான்.

வழி, கிணறு. அதற்குச் சட்டம் 1882இலிருந்தே தயாராக இருந்தது. அந்த ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை நிலத்துக்காரருடையது. பிறகு மின்மோட்டார் வந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. மோட்டாரை இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு ஆகும் இறுதிநிலைச் செலவு, விவசாயியைப் பொறுத்தவரை சுழியம். மும்முனை மின்சாரம் வரும் நேரமும் நீர்மட்டத்தின் ஆழமும் மட்டுமே எல்லை. ஏரித் தண்ணீருக்கோ கூட்டத்துக்கு வர வேண்டும், முறைக்குக் காத்திருக்க வேண்டும், கால்வாய் வெட்ட ஆள் அனுப்ப வேண்டும், நெல் அளக்க வேண்டும். இரண்டில் எது மலிவு என்பதை அரசின் விலைக் கொள்கையே தீர்மானித்துவிட்டது. இதை வெறும் சந்தைத் தோல்வி என்று எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது. கிராமத்துப் பொது ஏற்பாட்டுக்குப் போட்டியாக, பொதுப்பணத்திலேயே மானியம் பெற்ற ஒரு தனி ஏற்பாட்டை நிறுத்தினோம்.

யார் முதலில் விலகினார்கள் என்பது இதில் முக்கியம். கிணறு வெட்டவும் பின்னர் ஆழ்துளை போடவும் கையில் பணம் இருந்தவர்கள்தான். மான்கர் ஓல்சன் 1965இல் சுட்டியபடி, கூட்டு முயற்சியில் பெரும்பங்கு பலன் பெறுபவரே பெரும்பாலும் அதைத் தாங்குபவரும் ஆவார். ஆயக்கட்டில் அதிக நிலம் வைத்திருந்தவர் கால்வாய் வேலைக்கு வராதவரைக் கேள்வி கேட்டார், நீர்க்கட்டிக்கு முதலில் நெல் அளந்தார், அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போனார். அவர் கிணற்றுக்குத் திரும்பியபோது பாசனச் சங்கத்தில் ஒரு தலை மட்டும் குறையவில்லை, அதன் முதுகெலும்பே போய்விட்டது. மீந்தவர்கள் அளந்த நெல்லில் நீர்க்கட்டியின் குடும்பம் சாப்பிட முடியவில்லை. அவரும் திருப்பூருக்கோ சென்னைக்கோ போனார்.

கஜிசா, பழனிசாமி, சகுராய் ஆகிய மூவர் தமிழ்நாட்டு ஏரிகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சிதைவின் சுமை யார் தலையில் விழுந்தது என்று காட்டியது. கூட்டு நிர்வாகம் ஓர் அளவுக்கு மேல் குலைந்ததும் நெல் மகசூலும் வருமானமும் சரிந்தன. கிணறு இல்லாதவர்களுக்கு அது வறுமையாக முடிந்தது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏரியில் நீர் நிற்கும்வரை ஆயக்கட்டுக் கிணறுகள் ஊறுகின்றன. ஏரி வற்றிய பிறகு, கதிர் முற்றும் கடைசி நாட்களில், ஒன்றிரண்டு தண்ணீருக்காகக் கிணறு இல்லாதவர் கிணற்றுக்காரரிடம் போய் நிற்கிறார். மணிக் கணக்கிலோ விளைச்சலில் பங்காகவோ விலை கொடுக்கிறார். பொதுவில் தேங்கி மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர், தனியார் சொத்தாக மேலேறி விற்பனைக்கு வருகிறது. ஏரியைக் காப்பதில் கிணற்றுக்காரருக்கு உள்ள ஆதாயம் பெரிது, ஆனால் அதற்கு அவர் செலுத்துவது எதுவும் இல்லை. சில ஊர்களில் மதகை மூடியே வைத்து, ஏரியைக் கிணறுகளுக்கான ஊற்றுக் குளமாகவே ஆக்கிவிட்டார்கள். அது தவறு என்று நாம் சொல்லவில்லை. மழை குறைந்த பகுதியில் அது நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் கிணறு இல்லாதவருக்கு அதில் என்ன ஈடு என்பது பேசி முடிவாகியிருக்க வேண்டும்.

பழைய நிலைக்கே திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்கள் எந்நாளும் ஊரார் சமமாகக் கூடி நடத்தியவை அல்ல, சாதியும் ஜமீன் அதிகாரமும் பிணைந்தவை என்று விளக்கமாகக் காட்டியிருக்கிறார். மடையில் நின்ற மனிதர் பல ஊர்களில் தலித். அவர் வேலை பிறப்பால் சுமத்தப்பட்டது. கூலி உரிமையாகத் தரப்படவில்லை, மரபாக அளக்கப்பட்டது. அவருடைய பிள்ளைகள் அந்த வேலையை விட்டுப் போனதில் ஒரு விடுதலை இருக்கிறது. ஆகவே நீர்க்கட்டி மீண்டும் வேண்டும் என்று நாம் கேட்பது, எழுத்தில் போட்ட ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் காப்பீடும் கொண்ட, எந்தச் சாதியினரும் ஏற்கக்கூடிய ஒரு பணியைத்தான். கரைக்குக் கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டம் மடைக்கு ஓர் ஆளின் சம்பளத்தை ஒதுக்க முடியாது என்று சொல்வதை நம் துறையினர் இனி ஏற்கக் கூடாது.

சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து என்றால், ஏரியிலேயே இருக்கிறது. மீன் பாசி குத்தகை, மர ஏலம் ஆகியவற்றின் வருமானம் பெரும்பாலும் ஊராட்சிக்கோ துறைகளுக்கோ போகிறது. அதில் கணிசமான பங்கு பாசனச் சங்கத்தின் கணக்குக்கு வந்தால் கூட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள், கணக்கும் கேட்பார்கள். அடுத்தது கிணறு. 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டத்தின்கீழ் உறுப்புரிமை நிலத்தை வைத்து வருகிறது. நிலம் ஆயக்கட்டில் இருப்பதால் கிணற்றுக்காரர் பெயர் பட்டியலில் இருக்கிறது. கிணறு பட்டியலில் இல்லை. ஏரியால் ஊறும் கிணறு ஒவ்வொன்றும், அது ஆயக்கட்டுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டும். விலகிப்போன பெரிய கைகளை மீண்டும் கூட்டத்துக்கு இழுக்க இதைவிட நேரான வழி நமக்குத் தெரியவில்லை.

மின்சாரத்துக்கு விலை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது பொருளியல் மாணவர் எழுதும் விடை. 1970களின் தொடக்கத்தில் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடிய தமிழ்நாட்டு விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நினைவு இருக்கும் மண்ணில் மீட்டர் பற்றிப் பேசுபவர் கவனத்தோடு பேச வேண்டும். 2018இல் பஞ்சாப் தொடங்கிய முறை வேறு. விவசாயிக்கு இவ்வளவு யூனிட் உரிமை என்று வகுத்து, பயன்படுத்தாமல் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். சலுகை பறிபோகவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் கையில் வரவேண்டிய பணம் குறைகிறது. ஒரு சில கண்மாய்களின் ஆயக்கட்டில் இதைச் சோதித்துப் பார்க்க இங்கேயும் தடை இல்லை.

சட்டத்தால் மட்டும் நிலத்தடி நீரைக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் குறைவு. 2003இல் மாநிலம் முழுமைக்கும் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது. ஆஸ்ட்ரம் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த தெற்குக் கலிபோர்னியாவில், கடல்நீர் உட்புகுந்த மேற்குப் படுகையில், நீர் எடுப்பவர்களே வழக்காடி, அளந்து, பெரும்பாலோர் ஒப்பினால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு குறைத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களிடம் இருந்த முதல் கருவி, படுகையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற பொது அறிவு. அன்றைய ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, பருவத்துக்கு முன் கூடி எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்ட திட்டம் நமக்கு இன்னும் பக்கத்துப் பாடம். என்ன பயிர் வைப்பது என்று அங்கே யாரும் உத்தரவு போடவில்லை. அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆகவே பொறியாளர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நம் வேண்டுகோள் இது. அடுத்த ஏரிக்கு விரிவான திட்ட அறிக்கை எழுதும்போது, மண் அளவுக்கும் கல் அளவுக்கும் முன்னால் மூன்று பத்திகளைச் சேருங்கள். ஆயக்கட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள கிணறுகள், அவற்றின் ஆழம், அவை யாருடையவை. மடைக்கு மடை தண்ணீர் பாய்ச்சுபவர் யார், கடந்த ஆண்டு அவர் பெற்றது என்ன. மீன், மரம், வண்டல் வழியாக வந்த வருமானம் எவ்வளவு, அது எந்தக் கணக்கில் சேர்ந்தது. எழுதிய பக்கங்களை எங்களுக்கும் அனுப்புங்கள். கரை உயரத்துக்குத் தரும் அதே இடத்தை அவற்றுக்கும் தந்து இவ்விதழில் வெளியிடுவோம்.