கடலுக்குச் செல்லும் நீர் வீணா?

தாமிரபரணியில் வெள்ளம் வரும்போதெல்லாம் நம் செவியில் விழும் தொடர் ஒன்று உண்டு: "இத்தனை நீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!" உழவர் சொல்வார், செய்தித்தாள் எழுதும், மேடையேறியவர் எவரும் அதைச் சொல்லாமல் இறங்கார். நாமும் அவ்வாறு சொன்னவர்களே. இன்று அச்சொல்லை மீண்டும் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இவ்வாறு, ஏறத்தாழ 125 கி.மீ. நீளமே உடையது. அதற்குள் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்களால் காரும் பிசானமும் விளையும் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம். மலைமேல் 1944 முதல் இயங்கும் பாபநாசம் புனல்மின் நிலையம். பின்னர் 1980களில் சேர்வலாறு. போதாக்குறைக்கு நகரங்களின் குடிநீரும் ஆலைகளின் தேவையும்.

புனல்மின்சாரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது கரி எரிப்பதில்லை; சுழலியைச் சுற்றிய நீர் அழிந்துபோவதுமில்லை, மீண்டும் ஆற்றில் இறங்கி வயலுக்கே செல்கிறது. ஆயினும் 'நீர் செலவாகவில்லை' என்பது பாதி உண்மையே. குழாயில் புகுந்த நீர் மின் நிலையத்தில் வெளிப்படும் வரை, இடையிலுள்ள பாறைப் படுகைக்கு எஞ்சுவது என்ன? மின் தேவைக்கேற்ப ஒருபொழுது பெருகியும் மறுபொழுது சுருங்கியும் நீர் வருமாயின், கரையோரத்து ஆழமற்ற நீரில் முட்டையிடும் மீன் எந்த மட்டத்தை நம்பும்? எந்தப் புனல்மின் அணையிடத்தும் கேட்கத்தக்க வினாக்கள் இவை.

இனிக் கடைமடைக்கு வருவோம். முத்துத் துறைமுகமாய் விளங்கிய கொற்கை இன்று கடலினின்று சில கல் உள்ளே தள்ளி நிற்கிறது. இடைவெளியை நிரப்பியது ஆறு சுமந்துவந்த வண்டல். (கொற்கையைப் பாடத்தில் படிக்கும் நம் மாணவர் ஒருமுறை நேரிலும் காணலாம்.) அணைக்குப் பின்னே தங்கிவிட்ட வண்டலோ கரையை வளர்ப்பதில்லை, அணையின் கொள்ளளவையே குறைக்கிறது. கழிமுகத்தில் நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடமே இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். நன்னீர் வரத்து குன்றினால் உப்பு நிலத்தடியில் ஏறும். ஆற்றூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் அது தொடும். அவர்களும் உழவரே அல்லரோ?

வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறுகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம் 2009இல் தொடங்கி 2025இல் திறக்கப்பெற்றது. திசையன்விளைப் பகுதியின் தாகம் மெய்யானது. அதை மறுக்கும் மனம் நமக்கில்லை. 'உபரி' எனும் கணக்கைத்தான் வினவுகிறோம். ஆற்றின் பங்கை முதலில் ஒதுக்கியபின் எஞ்சுவதன்றோ உபரி?

இது நடவாத கனவன்று. கங்கையின் மேற்பகுதியில், நவம்பர் முதல் மார்ச் வரை இயல்பு நீரோட்டத்தில் 20 விழுக்காடும் சூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடும் ஆற்றிலேயே விடப்பட வேண்டுமென நடுவணரசு 2018இல் அறிவித்தது. புனல்மின் நிலையங்களையும் அது கட்டுப்படுத்தும். இவ்விழுக்காடுகள் போதுமா என்னும் வழக்கு வேறு. ஆற்றுக்கும் ஒரு பங்குண்டு என்பது ஏட்டில் ஏறிவிட்டது. நெல்லைச் சீமையின் ஆற்றுக்கு அது ஏன் கூடாது?

அணைகளின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நாள்தோறும் நாளிதழ்களில் காண்கிறோம். திருவைகுண்டம் அணைக்கட்டைக் கடந்து கடல்நோக்கிச் சென்ற நீரின் அளவையும் அவ்வரிசையில் சேர்த்து, நீர்வளத் துறையார் வெளியிட வேண்டுகிறோம். கோடையில் அவ்விடத்தில் சுழி நிற்கும் நாள்கள் எத்தனை என்பதை அப்போது எல்லாரும் எண்ணலாம்.