பட்டா உங்க பேருல, குழாய் அவங்களுது: கெயில் திட்டத்துக்கு விவசாயி சம்மதம் தேவையா?

கொச்சியில் இருந்து பெங்களூருவுக்கு இயற்கை எரிவாயு கொண்டு செல்ல கெயில் நிறுவனம் வகுத்த குழாய்ப் பாதை, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என 7 மாவட்டங்கள் வழியாக தமிழகத்தைக் கடக்கிறது. தமிழகத்தில் மட்டும் சுமார் 310 கி.மீ. பெரும்பாலும் விளைநிலம். நம்ம நிலத்துல நம்மளைக் கேக்காம குழாய் பதிக்க முடியுமா?

முடியும். 1962-ம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ப் பாதைகள் சட்டத்தில் உரிமையாளரின் சம்மதம் என்ற நிபந்தனையே இல்லை.

நிலம் போகாது, ஆனால்...

இந்தச் சட்டம் நிலத்தை எடுப்பதில்லை. 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுக்கிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் குறைந்தது 1 மீட்டர் ஆழத்தில் போகும், மேலே ராகி விதைக்கலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. மாந்தோப்பை நம்பிப் பிழைக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு இழப்பீடு? நிலத்தின் சந்தை மதிப்பில் 10%. அதுவும் முதல் அறிவிக்கை வெளியான நாளின் மதிப்பு. வெட்டப்படும் மரம், பயிருக்குத் தனித் தொகை உண்டு. ஓசூர் பக்கம் நிலத்தின் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 10% எங்கே நிற்கும் என்று தெரியும்.

மாநில அரசு தடுக்க முடியாதா?

முயன்றது. விளைநிலங்களை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்கச் சொல்லி 2013-ல் ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

ஆனாலும் பிரச்சினை ஓயவில்லை. 2022 ஏப்ரலில், குழாய்ப் பணியை எதிர்த்துவந்த தருமபுரி மாவட்ட விவசாயி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கர்நாடகாவின் தேவனகொந்திக்குப் போகும் பாரத் பெட்ரோலியம் குழாய் விஷயத்திலும் விவசாயிகள் கேட்பது அதையேதான்: சாலை ஓரம் கொண்டு போங்க.

விவசாயி கையில் என்ன இருக்கு?

21 நாள். முதல் அறிவிக்கை வந்ததும் அதற்குள் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தர வேண்டும். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரிக்கச் சொல்லலாம். அறிவிக்கை வருவது மத்திய அரசிதழில். அதை யார் தினமும் புரட்டுகிறார்கள்? அளவுக்கல் நடும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. இழப்பீட்டுத் தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.