கோதுமையை நிறுத்தும் முன்பே பரிசோதனை!

‘சப்பாத்தி சாப்பிட்டாலே வயிறு உப்பிக்கொள்கிறது’ என்ற புலம்பல் இப்போது பல வீடுகளில் கேட்கிறது. சர்க்கரை நோய்க்காகவோ, எடை குறைக்கவோ இரவுச் சாதத்தைவிட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகளில் இது அதிகம். ‘கோதுமையை நிறுத்திப் பாருங்களேன்’ என்று அக்கம்பக்கத்தில் யோசனையும் வந்துவிடும். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், பரிசோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டால், உண்மையான நோய் ஒளிந்துகொள்ளக்கூடும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் க்ளூட்டன். சப்பாத்தி மாவு இழுபட இதுதான் காரணம். கோதுமையால் வரும் தொல்லைகள் மூன்று வகை.

முதலாவது சீலியாக் நோய். க்ளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். சத்துகளை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, உப்புசம் மட்டுமல்ல... மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின், குழந்தை உயரம் கூடாமல் நிற்பது, எலும்பு பலவீனம் என்றும் இது வெளிப்படும். கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் கூடுதலாகவும், தென்னிந்தியாவில் குறைவாகவும் காணப்படுகிறது. இங்கே அரிது என்பதாலேயே கவனத்திலிருந்து தப்பிவிடும் வாய்ப்பும் உண்டு.

இரண்டாவது கோதுமை அலர்ஜி. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். மூன்றாவது, சீலியாக் இல்லாமலேயே கோதுமை ஒத்துக்கொள்ளாத நிலை. இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. முதல் இரண்டும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்த முடிவுக்கு வர முடியும்.

சீலியாக்குக்கு முதல் படி, ‘டிடிஜி ஐஜிஏ’ என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். அது இயல்பிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு, நோய் இருந்தும் முடிவு ‘இல்லை’ என்று வரலாம். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இவை எல்லாமே கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியவை. நிறுத்திவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்துவிடும். ஏற்கெனவே நிறுத்தியவர்களை, தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை உணவை குறைந்தது 6 வாரம் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வது வழக்கம். அலர்ஜி உள்ளவர்களுக்கு இது ஆபத்து. எனவே, டாக்டர் சொல்லாமல் முயலக் கூடாது.

‘ஒரு துளி ரத்தத்தில் 200 உணவுகளுக்கு டெஸ்ட்’ என்ற விளம்பரங்களிலும் எச்சரிக்கை தேவை. இவற்றில் பெரும்பாலானவை ஐஜிஜி அளவைப் பார்ப்பவை. அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் ஐஜிஜி காட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய அலர்ஜி மருத்துவ அமைப்புகள் இதைப் பரிந்துரைப்பதில்லை. இந்த ரிப்போர்ட்டை நம்பிப் பால், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினால், சத்துக்குறைவால் அவதிப்படப்போவது வளரும் பிள்ளைகள்தான்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகத்துக்கு ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. மற்ற உணவுகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன சாப்பிட்டோம், எப்போது தொல்லை வந்தது என்று எழுதி வாருங்கள். சந்தேகப்படும் ஒரே ஒரு உணவைச் சில வாரங்கள் நிறுத்தி, பிறகு மறுபடி சேர்த்துப் பாருங்கள். குற்றவாளி சப்பாத்தியாக இல்லாமல், தொட்டுக்கொண்ட குருமாவின் வெங்காயமாகவும் இருக்கலாம்!

சீலியாக் உறுதியானால் க்ளூட்டனை ஆயுள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இட்லி, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, தினை என நம் சமையலறையில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரவை, மைதா, கோதுமை சேமியா, சம்பா கோதுமை, மால்ட் பானங்கள் கூடாது. கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு என்பதால் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் அரிசியைப் போடவும் விடாதீர்கள்.