முதலில் திரைச்சீலை, கடைசியில் சோபா

வங்கிக் கடனில் வாங்கிய வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பல குடும்பங்கள் செய்கிற முதல் காரியம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சோபா வாங்கக் கிளம்புவதுதான். கடையின் விசாலமான கூடத்தில் அடக்கமாகத் தெரிந்த மூன்று பேர் சோபா, பத்துக்குப் பன்னிரண்டு அடி வரவேற்பறைக்கு வந்ததும் யானையாகிவிடுகிறது. சில வீடுகளில் அது உள்ளே வருவதே பெரும்பாடு. லிஃப்டுக்குள் நுழையாது, மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது. கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றுவதற்குக் கூலி தனி. அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். ஜன்னல்களில் பழைய பெட்ஷீட் தொங்கும். அதன் இடுக்கு வழியாக மேற்கு வெயில் புது சோபாவின் மீது நேராக விழுந்து, இரண்டு கோடைக்குள் அதன் நிறத்தை உறிஞ்சிவிடும்.

வரிசையைத் தலைகீழாக்கினால் பாதித் தவறுகள் தவிர்ந்துவிடும். வெயில், தூசி, எதிர்வீட்டுப் பார்வை மூன்றும் முதல் நாளே பிரச்னை. எனவே முதலில் திரைச்சீலை. சோபா ஒரு மாதம் காத்திருக்கலாம். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, வீட்டுப் பெரியவர் எங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், குழந்தைகள் எந்த மூலையில் விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் குடியிருந்து பார்த்தால்தான் புரியும்.

ஜன்னல் கணக்கு

திரைச்சீலையில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் அளவில்தான். ஐந்தடி ஜன்னலுக்கு ஐந்தடி துணி வாங்கினால் இழுத்து மூடும்போது அது விறைத்த பலகை போல நிற்கும். மடிப்பு அழகாக விழ, கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது துணி அகலம் வேண்டும். ஜன்னலுக்கு இருபுறமும் அரையடி தள்ளி கம்பி பொருத்தினால், திறந்திருக்கும்போது வெளிச்சம் மறைபடாது.

ஓர் உதாரணம்: ஜன்னல் 5 அடி, கம்பி 6 அடி, தேவையான துணி அகலம் 12 அடி. 48 அங்குல அகலத் துணி என்றால் மூன்று துண்டுகள். அவற்றில் ஒன்றைப் பாதியாக வெட்டி, பக்கத்துக்கு ஒன்றரையாகத் தைக்கலாம். கம்பியிலிருந்து தரை வரை 7 அடி. மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து ஓரடி. ஆக மூன்று துண்டுக்கு 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர். பருத்தி சுருங்கும் என்பதால் 8 மீட்டர் வாங்குவது நல்லது. நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே ஏழடித் திரை நாலு அங்குலம் குட்டையாகிவிடும். எனவே துணியை நனைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். பெரிய பூப் போட்ட துணியானால், பூக்கள் துண்டுக்குத் துண்டு நேராக அமைய இன்னும் சற்று அதிகம் தேவைப்படும்.

கடையின் வெளிச்சத்தை நம்பி நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. வெள்ளை விளக்கின் கீழ் பழுப்பாகத் தெரிந்தது வீட்டின் மஞ்சள் விளக்கில் செங்கல் நிறமாகக் காட்டும். அரை மீட்டர் துணி மட்டும் முதலில் வாங்கி வந்து, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பது உத்தமம்.

துணி வகையை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். தில்லியின் புழுதியில் வெல்வெட் திரை ஒரு தூசிப் பெட்டி. மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தில் கனமான துணியும் உள் அஸ்தரும் காயாமல் பூஞ்சை பிடிக்கும். சென்னை, கொல்கத்தா போன்ற புழுக்கமான ஊர்களுக்கு அடிக்கடி துவைக்கத் தக்க நடுத்தரப் பருத்தியே ஏற்றது. மேற்கு ஜன்னலில் பட்டுத் துணி வேண்டவே வேண்டாம்; வெயிலில் இழை இற்றுப்போகும்.

தறியின் முகவரி

வீட்டுக்கான துணிகளில் இந்தியா பணக்கார நாடு. கேரளத்தின் கண்ணூர் நெசவுத் துணிகளும், ராஜஸ்தானத்தின் சாங்கானேர், பக்ரு அச்சுத் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றவை. ஹரியாணாவின் பானிபட்டும் தமிழ்நாட்டின் கரூரும் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, மேஜை விரிப்பு என்று உலகச் சந்தைக்கே அனுப்புகின்றன. வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய துணிக்கு இரட்டை விலை கொடுப்பதற்கு முன், அது எங்கே நெய்யப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டு வைக்கலாம்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கைத்தறியா விசைத்தறியா என்பது. ஜமக்காளம், படுக்கை விரிப்பு போன்றவற்றில் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. கைத்தறிக்கென்று தனி முத்திரை 2006-ல் அறிமுகமானது. இருந்தும், விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி விலைக்குத் தள்ளிவிடுகிற வியாபாரம் ஓயவில்லை. ஈரோடு மாவட்டத்து பவானியின் ஜமக்காளம் 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பிறகும் போலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. நஷ்டம் இருவருக்கு: வாங்குபவர் கொடுக்கிற கூடுதல் பணம் வீண், அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய நெசவாளிக்கோ வேலையே இல்லை. முத்திரையைக் காட்டச் சொல்வதும், ரசீதில் 'கைத்தறி' என்று எழுதி வாங்குவதும் கூச்சப்பட வேண்டிய விஷயங்கள் அல்ல.

தரையில் என்ன?

வழவழப்பான டைல்ஸ் தரையில் விரிப்பு என்பது அழகு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சிறு விரிப்பு நழுவி இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் உண்டு. அடியில் வழுக்காத ரப்பர் வலை இல்லாமல் எதையும் விரிக்கக் கூடாது. வயதானவர்கள் இரவில் நடக்கிற வழியில் எதுவும் விரிக்காமலிருப்பது அதைவிட நல்லது. அளவிலும் கவனம் தேவை. நடுவில் தனித்தீவாகக் கிடக்கிற சின்ன விரிப்பு அறையை இன்னும் சிறிதாக்கும். சோபாவின் முன்கால்களாவது விரிப்பின் மீது நிற்க வேண்டும்.

வெப்பமான ஊர்களில் கம்பளத்தைவிட ஜமக்காளமும் பாயும் புத்திசாலித்தனம். துவைக்கலாம், சுருட்டி வைக்கலாம். கோரையில் நெய்த பத்தமடைப் பாயும், மேற்கு வங்கத்து மேதினிபூரின் மாதுர் பாயும் கோடையில் தரைக்குக் குளிர்ச்சி. தில்லி, சண்டீகர் போன்ற குளிர் ஊர்களில் கம்பளம் வாங்குவதானால், அதைப் புரட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தின் பின்புறத்திலும் அதே சித்திரம் தெரியும். ஓரக் குஞ்சம் அதன் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். பின்புறம் துணி ஒட்டி, குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தால் அது வேறு ரகம். தப்பான சரக்கல்ல; ஆனால் முடிச்சுக் கம்பளத்தின் விலை அதற்குத் தகாது.

உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரக் கம்பளங்களின் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. தறிகளில் சிறுவர்களை வேலை வாங்கிய கொடுமைக்கு எதிராக, குழந்தைத் தொழிலாளர் இல்லாத கம்பளத்துக்கு 'ரக்மார்க்' என்ற முத்திரை 1994-ல் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்த கைலாஷ் சத்யார்த்தி 2014-ல் நோபல் அமைதிப் பரிசை மலாலாவுடன் பகிர்ந்துகொண்டார். இப்போது 'குட்வீவ்' என்று அழைக்கப்படும் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இப்போது சோபா

ஒரு மாதம் கழித்து, பழைய செய்தித்தாள்களைச் சோபாவின் அளவுக்குத் தரையில் பரப்பி இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். நடைவழிக்கு இரண்டரை அடி மிஞ்ச வேண்டும். டீப்பாய்க்கும் சோபாவுக்கும் இடையே ஒன்றரை அடி போதும். லிஃப்ட் கதவு, வாசல், படித் திருப்பம் மூன்றையும் அளந்த சீட்டு கடைக்குப் போகும்போது கையில் இருக்கட்டும். உட்காரும் உயரம் 16 முதல் 18 அங்குலம்; முழங்கால் வலிக்காரர்கள் இருக்கிற வீட்டில் இன்னும் சற்று உயரமே நல்லது.

கடைக்காரர் துணியைத்தான் காட்டுவார். வாங்குபவர் உள்ளே இருப்பதைக் கேட்க வேண்டும். இருக்கையின் ஃபோம் 32 டென்சிட்டியா, 40-ஆ? தினமும் உட்காருகிற இடத்துக்கு 40 நீடித்து உழைக்கும். சட்டம் கெட்டியான மரமா, மரத்தூள் பலகையா? தூள் பலகை ஒருமுறை ஈரம் குடித்தால் ஊதிவிடும். பிளைவுட்டில் 'எம்.ஆர்.' என்ற எழுத்துகள் ஈரக் காற்றைச் சமாளிக்கும் என்றுதான் பொருள். தண்ணீர் பட்டால் தாங்கும் என்பதல்ல. சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைக்க ஐ.எஸ். 710 தரம் தேவை.

விளக்கு, படம், சுவர்

கடைசிக் கைவேலைகள் மலிவானவை, ஆனால் அறையை மாற்றுபவை. விளக்குப் பெட்டியின் மீது கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6,500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை. 2,700 அல்லது 3,000 என்றால் மாலை நேர மஞ்சள். படிக்கிற மேஜைக்கும் சமையலறைக்கும் 4,000 போதும். உச்சியில் ஒரே ஒரு விளக்குக்குப் பதிலாக, மூலைக்கொன்றாக இரண்டு சிறு விளக்குகள் இருந்தால் சின்ன அறையும் ஆழமாகத் தெரியும். தாத்தா, பாட்டி படங்களை நிலைப்படிக்கு மேலே சாய்த்து மாட்டுவது உயர்ந்த விட்டம் கொண்ட பழைய வீட்டுப் பழக்கம். தாழ்ந்த கூரை உள்ள ஃபிளாட்டில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், கண் மட்டத்தில் இருப்பதே நல்லது.

சுவர் வர்ணத்தில் மட்டும் ரசனைக்கு முன்னால் எச்சரிக்கை தேவை. வர்ணத்தில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவு, ஜன்னல் கம்பிகளில் ஈயம் இருக்கலாம். பழைய பூச்சை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்ட வேண்டும். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வாங்குகிறவர்களுக்கும் இந்த வரிசை இன்னும் பொருந்தும். நாக்பூரிலிருந்து குவாஹாத்திக்குப் போகும் லாரியில் சோபா அடிபடும். ஜமக்காளமும் திரைச்சீலையும் ஒரே பெட்டியில் அடங்கிப் பத்திரமாகப் போய்ச் சேரும். அடுத்த வீட்டு ஜன்னலின் உயரம் இன்று தெரியாது. அதனால் மடிப்புக்கென்று ஒதுக்கிய ஓரடியில், மேலே நாலு அங்குலம் போக மீதி எட்டு அங்குலத்தையும் கீழ் மடிப்பிலேயே விடச் சொன்னால், பிரித்துத் தைக்க ஒரு பிற்பகல் போதும்.