வானத்துக்கு ‘அன்டூ’ கிடையாது

ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணும் தம்பிகளுக்கு மிகவும் கைவந்த வித்தை ஒன்று உண்டு. பின்னால் ஒரு மலை, முன்னால் ஒரு தலைவர். இரண்டையும் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒட்டணும். ஃபோட்டோஷாப்பில் மலைப் படத்தின் மேல் இன்னொரு லேயர் போடுவார்கள். அதன் கீழ் ஓரத்தில் அடர் நீலம். மேல் ஓரத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி. நடுவில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போகும். இதுதான் டிரான்ஸ்பரன்ட் கிரேடியன்ட். மவுஸைப் பிடித்து ஒரு இழு, அவ்வளவுதான்.

(அரைகுறையாகச் செய்தால் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஒன்றுமில்லை’ என்பதைச் சில மென்பொருள்கள் ‘கண்ணுக்குத் தெரியாத கறுப்பு’ என்று எடுத்துக்கொள்ளும். அப்போது நடுவில் சாம்பல் அழுக்கு படியும். இரண்டு ஓரத்திலும் அதே நீலத்தை வைத்து, அடர்த்தியை மட்டும் 100-லிருந்து பூஜ்யத்துக்கு இறக்கணும். சில தலைவர்களின் தாடைக்குக் கீழே அழுக்கு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

இன்னொரு சிக்கல். சாதாரண படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 20 அடி பேனரில் அதை இழுத்தால் ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட ஓர் அங்குலம். வரி வரியாகத் தெரியும். கெட்டிக்காரத் தம்பிகள் மேலே கொஞ்சம் புள்ளிகளைத் தூவி, அதாவது ‘நாய்ஸ்’ சேர்த்து, வரிகளை மறைத்துவிடுவார்கள். இந்தப் புள்ளிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வித்தையின் மேல் எனக்குக் கோபமில்லை. பேனர்மேல் அடிக்கிற விளக்கின் மேல்தான் கோபம். ஜவ்வாது மலையில் கோடை விழா என்றால், பேனரில் நீலம் கரைகிற வானமும் நாலு நட்சத்திரமும் இருக்கும். அது ராத்திரியிலும் தெரியவேண்டாமா? கீழேயிருந்து மேல்நோக்கி ஃபோகஸ் லைட். பேனரில் பட்டது போக மிச்ச வெளிச்சம் நேராக வானத்துக்கு. அச்சடித்த நட்சத்திரத்துக்காக அசல் நட்சத்திரத்தை அழிக்கிறோம்.

அதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. அதன் அருமை நமக்குத் தெரியுமா? 1960-களில் வைணு பாப்பு தேடி அலைந்து பிடித்த இருட்டு அது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனபோது, அந்த நட்சத்திரம் சில நொடிகள் மங்கியதைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட ராத்திரி அது. 1988-ல் இங்கேதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அங்கேயுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாக்கியது. அதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-லேயே போய்விட்டார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அவர் பெயரைச் சூட்டினார். நாமும் கைதட்டினோம். தட்டிவிட்டு மலையடிவாரத்தில் விளக்குக் கம்பங்களை நட ஆரம்பித்தோம்.

இன்று அந்த வானத்தின் மேலேயே ஒரு டிரான்ஸ்பரன்ட் கிரேடியன்ட் கிடக்கிறது. அடிவானத்தில், கீழே உள்ள ஊர்களின் பக்கம், அடர்த்தி அதிகம். உச்சிக்குப் போகப் போகக் கரைகிறது. முன்பு சோடியம் விளக்கின் மஞ்சள், இப்போது எல்.இ.டி. வெள்ளை. அந்த வெள்ளையில் நீலம் அதிகம். காற்றில் அதிகம் சிதறுவதும் நீலம்தான். பகலில் வானம் நீலமாக இருப்பதற்கு எது காரணமோ, அதுதான் ராத்திரி வானம் வெளுப்பதற்கும் காரணம்.

“அதான் சாஃப்ட்வேர் இருக்கே சார், கழிச்சுட வேண்டியதுதானே?” என்பார்கள். படித்தவர்களே சொல்கிறார்கள். வானியல் படங்களில் வானவெளிச்சத்தின் சரிவை அளந்து கழிக்கிற மென்பொருள்கள் இருப்பது உண்மை. படமும் பளிச்சென்று கறுப்பாகிவிடும். ஆனால் கழிவது வெளிச்சம் மட்டும். அதன் தடுமாற்றம் கழியாது.

ஒளி தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஒழுகுவதில்லை, மழைத்துளி மாதிரி தாறுமாறாக விழுகிறது. சராசரி 100 துளி விழுகிற இடத்தில் பத்து கூடும், பத்து குறையும். சராசரி 10,000 விழுந்தால் நூறு கூடும், நூறு குறையும். கணக்கில் இதற்கு வர்க்கமூலம். இப்போது 50 துளி அனுப்பும் ஒரு மங்கல் நட்சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டு வானத்தில் பத்துக்கு நடுவே அந்த 50 துல்லியமாகத் தெரியும். வெளுத்த வானத்தில் நூறுக்கு நடுவே அந்த 50 எங்கே போய்த் தேட? 10,000-ஐக் கழித்தாலும் அந்த நூறு அங்கேயே இருக்கும். பேனர் தம்பி வேண்டுமென்றே தூவின அதே புள்ளிகள்தான். அவர் தூவியதை அன்டூ பண்ணிவிடலாம். இதை முடியாது. ஒரே வழி, நட்சத்திரத்தையே பல மடங்கு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. ராத்திரிக்கு அத்தனை மணி நேரம் ஏது?

உடனே “அப்போ மலைக்காரன் இருட்டிலேயே கிடக்கணுமா?” என்று யாராவது பாய்வார்கள். அந்த மலையில் எத்தனையோ வீட்டுக்குக் கரன்ட் எப்போது வந்தது என்று கவலைப்படாதவர்கள்தான் முதலில் பாய்வார்கள். மலையாளிப் பழங்குடி வீட்டுக் குண்டு பல்பா வானத்தை வெளுக்க வைத்தது? பாம்பும் கரடியும் நடமாடுகிற பாதைக்கு விளக்கு கட்டாயம் வேணும். வெளிச்சம் பாதையில் விழணும், அவ்வளவுதான். கறந்த பாலில் பாதியைத் தரையில் ஊற்றுவோமா? மூடியில்லாத விளக்கில் மின்சாரக் கட்டணத்தை வானத்தில் ஊற்றுகிறோம்.

செய்ய முடியாத காரியமில்லை. லடாக்கில் ஹன்லே வானாய்வகத்தைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே கிராமத்து வீடுகள் ஜன்னலுக்குத் திரை போட்டன, விளக்குக்கு மறைப்பு போட்டன. அந்த ஊர்ப் பிள்ளைகளே தொலைநோக்கி வைத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். ஹன்லேயை நடத்துவதும் காவலூரை நடத்துவதும் ஒரே நிறுவனம், பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் மையம்தான். அங்கே முடிந்தது ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் முடியாதா?

அடுத்த உயர்கோபுர விளக்கு டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்: மேல்பக்கம் முழுக்க மூடியது, மஞ்சள் ஒளி, பத்து மணிக்கு மேல் பாதி வெளிச்சம். ரிசார்ட்டுக்கு லைசென்ஸ் கொடுக்கும்போதும் அதே வரி. கோடை விழா பேனருக்கு லைட் வேண்டுமென்றால் மேலேயிருந்து கீழே அடிக்கட்டும். தலைவர் முகம் அப்போதும் தெரியும்.