மென்னீரும் வீட்டுத் தோட்டமும்



விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடின நீராகவே உள்ளது. கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெண்மையாகப் படிகிறது, சோப்பு நுரைப்பதில்லை. ஆதலின் சில இல்லங்களில் நீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்தியுள்ளனர். அந்நீரைக் கொல்லைப்புறச் செடிகளுக்கு ஊற்றலாமா எனத் தாய்மார் சிலர் வினவுகின்றனர். தொடர்ந்து ஊற்றலாகாது என்பதே நம் விடை.

நீரின் கடினத்தன்மைக்குக் காரணம் அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் ஆகும். கருவியிலுள்ள ரெசின் மணிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. அம்மணிகளுக்கு மீண்டும் வலுவூட்டவே அவ்வப்போது உப்பு இடுகிறோம். ஆகவே நீரில் கரைந்த உப்புகள் நீங்கிவிடவில்லை. ஒன்று போய் மற்றொன்று வந்தது. சோப்புக்கு இம்மாற்றம் நன்று, செடிக்குத் தீது.

நம் கரிசல் மண்ணில் இத்தீங்கு பெரிது. களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்து, காற்றும் நீரும் புக வழிவிடுவது கால்சியம். அதன் இடத்தைச் சோடியம் கைப்பற்றினால் துகள்கள் பிரிந்து, அவ்வழியை அடைத்துவிடும். ஈரத்தில் குழைந்து, காய்ந்தபின் கல்லாய் இறுகும் இத்தகைய நிலத்தையே களர் என்கிறோம். கல்லாதவரை வள்ளுவர் பயன்தராக் களருக்கு ஒப்பிட்டதை அறிவீர்கள். மேலும், பட்டாசுத் தொழிலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் துணைநின்ற இவ்வறண்ட வானிலையில், மண்ணில் சேரும் உப்பைக் கழுவிச் செல்லப் போதிய மழையும் இல்லை. தீங்கு உடனே தோன்றாது. எலுமிச்சை, அவரை போன்றவற்றின் இலை நுனி கருகத் தொடங்கும். தென்னை ஓரளவு தாங்கும்.

கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்குக் கொல்லையின் கீரையும் முருங்கையும் பிள்ளைகளின் ஊட்டமன்றோ! எனவே சிலவற்றைக் கடைப்பிடிப்போம். கருவிக்கு முன்னரே ஒரு குழாயைப் பிரித்துத் தோட்டத்திற்கு விடுக. அந்நீரும் உவர்ப்பாயின், வேளாண்மைத் துறையின் மண் ஆய்வு நிலையத்தில் சோதித்தறிக. கருவியைக் கழுவி வெளியேறும் உப்புநீர் ஒருபோதும் செடியண்டை செல்லலாகாது. மண் ஏற்கெனவே இறுகியிருந்தால், ஜிப்சம் இட்டு நல்ல நீர் பாய்ச்சினால் சோடியம் படிப்படியாக வெளியேறும்.

மழைநீரே செடிக்குச் சாலச் சிறந்தது. 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் விழுகிறது. 2003-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஐப்பசி பிறக்குமுன் கூரையையும் தொட்டியையும் துப்புரவு செய்து வைப்போமாக. மண்ணைக் கெடுப்பது எளிது. திருத்துவதற்கோ ஆண்டுகள் பல வேண்டும்.