இசைத்தட்டில் ஏறிய கணினி இசை

‘டப்ஸ்டெப்’ என்னும் இசை வகையை உங்களுள் சிலர் கேட்டிருக்கலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் இலண்டனில், குறிப்பாகக் குராய்டன் வட்டாரத்தில், இளைஞர்கள் வீட்டுக் கணினியைக் கொண்டு உருவாக்கிய இசை அது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 தாளத் தட்டுகள். அவற்றின் அடியில் 40, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உறுமும் தாழொலி. கணினியில் பிறந்த இந்த இசை இன்றும் புதிது புதிதாக வினைல் இசைத்தட்டில் வெளியாகிறது என்பதுதான் வேடிக்கை.

திருவண்ணாமலையில் எங்கள் தெரு மாணவர் ஒருவர் அத்தகைய தட்டு ஒன்றைப் பற்றி என்னிடம் கேட்டார். “சார், தட்டில் இருப்பதுதான் உண்மையான ஒலியாம். கைப்பேசியில் வருவது துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதாம். அப்பாவிடம் பணம் கேட்கலாமா?” சில ஆயிரம் ரூபாய் விவகாரம். அவருடைய தந்தையார் பூக்கடை வைத்திருப்பவர். ஆகவே, பதிலைச் சற்று எண்ணிப் பார்த்தே சொல்லவேண்டியிருந்தது.

தட்டில் ஒலி எப்படி அடங்கியிருக்கிறது? நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுத்துக்கொள்கிறது. வெளி விளிம்பில் வரிப்பள்ளத்தின் ஆரம் சுமார் 14.6 செ.மீ. ஆகவே ஊசியின் அடியில் பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அங்கே 1 செ.மீ. நீளம் இருக்கும், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 0.05 மி.மீ.தான். உட்பக்கம் போகப் போக வேகம் குறைகிறது. 6 செ.மீ. ஆரத்தில் அதே அலை 0.02 மி.மீ. ஆகிவிடும். ஊசிமுனை அவ்வளவு நெருக்கமான வளைவுகளைத் தொடரத் திணறுவதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் கூரொலிகள் மங்குகின்றன. இது தட்டின் பிறவிக் குறை.

தாழொலியின் தொல்லை வேறு. காந்த ஊசிப்பெட்டியில் எழும் மின்னழுத்தம், ஊசி அதிரும் வேகத்தைப் பொறுத்தது. ஃபாரடே விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அதே வேகம் வேண்டுமானால், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 20 மடங்கு வீச்சு தேவை. அப்படியே வெட்டினால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதனால் தட்டு வெட்டும்போது 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைத்து வெட்டுகிறார்கள். இசைக்கும்போது பெருக்கியில் அதே அளவு உயர்த்திக்கொள்கிறார்கள். 1950-களிலிருந்து உலகெங்கும் இதற்கு ஒரே அளவுமுறைதான். அப்படியும் டப்ஸ்டெப்பின் தாழொலிக்கு இடம் போதவில்லை. ஆகவே 12 அங்குலத் தட்டில் பக்கத்திற்கு ஒரே ஒரு பாட்டை, பெரும்பாலும் 45 சுற்று வேகத்தில், அகலமான பள்ளங்களோடு பதிக்கிறார்கள்.

இவ்வளவு குறைத்தலும் உயர்த்தலும் நடந்த பிறகு ‘உண்மையான ஒலி’ என்று எதைச் சொல்வது? எண்முறைப் பதிவைப் படிக்கட்டு என்று பழிப்பதும் சரியன்று. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலையை அவற்றிலிருந்து படியே இல்லாத வழவழப்பான வளைகோடாக மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் தேற்றம். அதுவும் கிடக்கட்டும். டப்ஸ்டெப் பிறந்ததே எண்களாகத்தானே! எண்ணாக இருந்ததைப் பள்ளமாக வெட்டியபின், எண்ணே தீண்டாதது என்று விற்பது எந்த ஊர் நியாயம்?

மாணவர் விடவில்லை. “கைப்பேசியில் அந்த உறுமலே வரவில்லையே, சார்?” என்றார். அது பதிவின் குற்றம் அன்று. காற்றில் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். விரல்நக அளவுள்ள ஒலிபெருக்கி அதை எப்படி வெளியிடும்? நம் ஊர்த் திருவிழாவில் மைக் செட்காரர் கட்டும் கூம்புக்கும் இதே கதிதான். அதன் வழியே தவிலைக் கேட்டால் தொப்பியின் முழக்கம் மெலிந்து வலந்தலை மட்டும் கணீரென்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய ஒலிபெருக்கியில் கைப்பேசிப் பதிவையே போட்டுக் காட்டினேன். சன்னல் கண்ணாடி நடுங்கிற்று; மாணவர் சிரித்துவிட்டார்.

தட்டுக்கு நான் பகைவன் அல்லன். பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து இராகங்களை ரோலண்டு மின்னணுக் கருவிகளில் இசைத்து ஒரு தட்டு வெளியிட்டார். அன்று அதை வாங்குவார் அதிகம் இல்லை. எங்கோ சில பிரதிகள் தப்பிக் கிடந்ததால்தான் 2010-இல் ஒரு டச்சு நிறுவனம் அதை மறுபடி வெளியிட, உலகம் வியந்து கேட்டது. பழைய தட்டுகளை எடைக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். ஒலியைக் கண்ணால் காட்டும் பொருள் வேறு என்ன இருக்கிறது? நல்ல உருப்பெருக்கியில் பார்த்தால் பள்ளம் நெளிவது தெரியும்.

மாணவர் புதுத் தட்டு வாங்கவில்லை. மைக் செட் கடையிலிருந்து கீறல் விழுந்து பயன்படாத தட்டு ஒன்றை இலவசமாக வாங்கிவந்தார். தடித்த தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் குண்டூசியைக் குத்தி ஒட்டினோம். தட்டின் நடுத்துளையில் பென்சிலைச் செருகிச் சீராகச் சுழற்றி, ஊசியைப் பள்ளத்தில் மெல்லத் தொடவிட்டோம். மின்சாரமே இல்லாமல் பாட்டு வந்தது. நீங்களும் செய்யலாம், ஆனால் குண்டூசி பள்ளத்தைச் சுரண்டிவிடும், தாத்தா பத்திரப்படுத்திய நல்ல தட்டில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள்.